மல்யுத்தத்துக்கு வாரம் ஒரே வகுப்பு: இந்திராநகரின் எம்.எம்.ஏ. பயிற்சிக்கூடம் ஒன்றின் மதிப்பீடு

பல சண்டைக் கலைகளைக் கலந்து மோதும் எம்.எம்.ஏ.வைக் கற்றுத்தருவதாகச் சொல்லும் ஒரு பயிற்சிக்கூடத்தை எடைபோட விரும்புகிறவர், அங்குள்ள கருவிகளையும் சுவரோவியங்களையும் பார்ப்பதற்கு முன் நுழைவாயிலில் ஒட்டியிருக்கும் வாராந்திர அட்டவணையைப் படிக்க வேண்டும். பெங்களூரு இந்திராநகரில் நூறடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில், வணிகக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இயங்கும் இந்தக் கூடத்தின் அட்டவணையில் குத்துச்சண்டைக்கு வாரம் ஐந்து வகுப்புகள், தாய்லாந்தின் உதைச்சண்டையான முவே தாய்க்கு நான்கு, தரையில் பிடிபோட்டுச் சரணடைய வைக்கும் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவுக்கு நான்கு, மல்யுத்தத்துக்கு ஒன்றே ஒன்று. இந்த மதிப்பீட்டில் நான் சொல்லப்போகும் பாராட்டும் குறையும் பெரும்பாலும் அந்த ஒரு வரியிலிருந்தே கிளைக்கின்றன. கூடத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இந்தக் குறை இந்நகரின் வேறு பல கூடங்களுக்கும் பொருந்தும்போது ஒருவரை மட்டும் சுட்டுவது நியாயமாகாது.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அல்சூர், மர்பி டவுன் பக்கத்துத் தமிழ் இளைஞர்களும், அலுவலகம் முடிந்து மடிக்கணினிப் பையோடு வருகிற மென்பொருள் ஊழியர்களும் ஏறக்குறைய சரிபாதியாக இருக்கிறார்கள். மெட்ரோவில் வருவது நல்லது. வண்டி நிறுத்த இடம் கிடையாது. மாதக் கட்டணம் 6,000 ரூபாய், மூன்று மாதங்களுக்குச் சேர்த்துக் கட்டினால் 15,000. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் மெத்தையைக் கிருமிநாசினி ஊற்றித் துடைக்கிறார்கள். உடலோடு உடல் உரசிப் பயிலும் இடங்களில் படர்தாமரை எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை அறிந்தவர்களுக்கு இது சிறிய செய்தியன்று. கூடத்தின் ஒரு பக்கம் முழுவதும் எம்.எம்.ஏ. சண்டை நடக்கும் கூண்டில் இருப்பது போன்ற வலைச்சுவர் அமைத்திருப்பதையும் பாராட்ட வேண்டும். அதன் பயனைப் பின்னால் விளக்குகிறேன்.

வரவேற்பு மேசையில் புதிதாகச் சேர வருகிற ஒவ்வொருவரும் கேட்கிற கேள்வி, இந்தச் சண்டைக் கலைகளுள் எது சிறந்தது, எதில் சேர்ந்தால் கூண்டுக்குள் வெல்லலாம் என்பதுதான். அங்கே கிடைக்கிற விடை, “எல்லாமே முக்கியம் சார்” என்பது. அது பொய்யன்று; ஆனால் கட்டணம் கட்டப்போகிறவருக்கு உதவாத விடை. இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சோதித்துப் பார்க்கத்தான் 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் யு.எஃப்.சி. என்கிற எம்.எம்.ஏ. போட்டித் தொடரின் முதல் போட்டி நடத்தப்பட்டது. எடைப்பிரிவு இல்லாத அந்தப் போட்டியில் சுமோ வீரர், குத்துச்சண்டை வீரர், பிரெஞ்சு உதைச்சண்டையான சவாத்தின் வீரர் என்று பலரும் இறங்க, ஏறக்குறைய 80 கிலோ எடையுள்ள பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரைப் பணிய வைத்துப் பட்டம் வென்றார். அவருடைய முதல் எதிராளியான குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன், ஒரு கையில் மட்டும் கையுறை அணிந்து வந்து, தரையில் மாட்டிக்கொண்டதும் தோல்வியை ஒப்புக்கொண்டார். தரைச் சண்டை அறியாதவருக்குத் தரையில் வழியில்லை என்பது அன்றோடு தெளிவாகிவிட்டது.

ஆனால் கதை ஜியு-ஜிட்சுவோடு நின்றுவிடவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் டான் செவர்ன், மார்க் கோல்மன் போன்ற அமெரிக்க மல்யுத்த வீரர்கள் நுழைந்து, எதிராளியைத் தூக்கிக் கிடத்தி, மேலே அமர்ந்து குத்துகிற முறையால் களத்தைக் கைப்பற்றினார்கள். கோல்மன் 1997இல் யு.எஃப்.சி.யின் முதல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அதே ஆண்டு ஜூலையில் கிக்பாக்ஸரான மாரிஸ் ஸ்மித், கீழே கிடந்தபோது அடிகளைத் தாங்கித் தற்காத்து, கோல்மனை மூச்சு வாங்க வைத்து, நின்ற நிலையில் உதைத்துப் பட்டத்தைப் பறித்தார். என் கணிப்பில் எம்.எம்.ஏ.வின் முழுப் பாடமும் அந்த ஒரு சண்டையில் அடங்கியிருக்கிறது. ஸ்மித் வென்றது உதையால் மட்டுமன்று. எங்கே சண்டையிடுவது என்கிற முடிவு கோல்மனின் கையிலிருந்து நழுவியதாலும் வென்றார்.

ஆகவே எந்தக் கலை சிறந்தது என்று என்னைக் கேட்டால், சண்டை நின்றபடி நடக்க வேண்டுமா தரையில் நடக்க வேண்டுமா என்பதை எந்தக் கலை தீர்மானிக்கிறதோ அதுவே அடித்தளம் என்பேன், அது மல்யுத்தம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹென்றி செஹூடோ பின்னர் யு.எஃப்.சி.யில் இரண்டு எடைப்பிரிவுகளில் சாம்பியன் ஆனதும், ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதி மல்யுத்தத்திலும் சாம்போ என்கிற ரஷ்யப் பிடிச்சண்டையிலும் ஊறிய கபீப் நுர்மகோமேதோவ் 29 சண்டைகளில் ஒன்றிலும் தோற்காமல் 2020இல் விலகியதும், 2010 தில்லி காமன்வெல்த் விளையாட்டில் கனடாவுக்காகத் தங்கம் வென்ற அர்ஜன் சிங் புல்லர் 2021இல் ஒன் சாம்பியன்ஷிப் என்கிற ஆசிய எம்.எம்.ஏ. தொடரின் ஹெவிவெயிட் பட்டத்தை எடுத்ததும் தற்செயல்கள் அல்ல. மல்யுத்தம் தெரிந்தவர் விரும்பினால் கீழே கொண்டுபோவார். விரும்பாவிட்டால் தன்னைக் கீழே கொண்டுபோக விடமாட்டார். யு.எஃப்.சி.யின் முன்னாள் சாம்பியன் சக் லிடெல் கல்லூரிக் காலத்தில் கற்ற மல்யுத்தத்தைப் பெரும்பாலும் இரண்டாவது காரியத்துக்கே பயன்படுத்தி, நின்றபடியே பலரைக் குத்தி வீழ்த்தினார்.

இந்தக் கூடத்தின் மல்யுத்த வகுப்பு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு. பயிற்றுநர் வட கர்நாடகத்தின் செம்மண் கோதாவில் வளர்ந்து பின்னர் மெத்தைக்கு மாறியவர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறார். ஒரு வகுப்பின் முதல் பகுதி முழுவதையும் சிங்கிள் லெக் என்கிற ஒரே பிடிக்கு அவர் ஒதுக்கியதைப் பார்த்தேன். எதிராளியின் முன்காலை முழங்காலுக்குப் பின்னால் இரு கைகளாலும் கோத்து மார்போடு அணைப்பது, நெற்றியை அவருடைய விலாவின் உட்பக்கம் அழுத்துவது, தோளால் தொடையைக் கீழ்நோக்கித் தள்ளியபடி வட்டமாகப் பின்வாங்குவது. இந்த மூன்றில் தலையின் இடத்தைத்தான் அவர் திரும்பத் திரும்பத் திருத்தினார். “தல கீழ போகக்கூடாது தம்பி, தல போனா கழுத்து போச்சு” என்று ஓர் இளைஞனின் தாடையை விரலால் உயர்த்திக் காட்டினார். மல்யுத்தப் போட்டியில் தலை சற்றுத் தாழ்ந்தால் புள்ளிதான் போகும். கூண்டுக்குள் அதே தாழ்வு கில்லட்டின் என்கிற கழுத்துப் பிடிக்கு அழைப்பாகிவிடும். தன் கலையை எம்.எம்.ஏ.வுக்கேற்ப மாற்றிக் கற்பிக்கிற பயிற்றுநர் இந்தக் கூடத்தில் இவர் ஒருவரே. அடுத்த அரைமணி நேரம் ஸ்ப்ரால்: பிடிக்க வருகிறவரின் தோள்மீது இடுப்பின் முழு எடையும் இறங்கும்படி இரு கால்களையும் பின்னோக்கி வீசுவது. அதன் பிறகு வலைச்சுவர். சுவரோடு அழுத்தப்பட்டவர் முதுகைச் சாய்த்து, ஒரு கையை ஊன்றி, இடுப்பை உயர்த்தி எழுந்து நிற்கும் பயிற்சி இது. இன்றைய சண்டைகளில் பாதி நேரம் இந்த இடத்தில்தான் கழிகிறது என்று தோன்றும் அளவுக்கு இது முக்கியமானது. வெறும் மெத்தை மட்டுமே உள்ள கூடங்களில் இதைக் கற்கவே முடியாது. இவ்வளவு நல்ல வகுப்பை வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் பலர் தூங்கி எழாத நேரத்தில் வைத்திருப்பது நிர்வாகத்தின் பிழை.

கூட்டம் அலைமோதுவது குத்துச்சண்டை வகுப்பில். அங்குள்ள மாஸ்டர் தமிழர். ஜாப் என்கிற முன்கைக் குத்தின் நீளத்தையும் கால் நகர்வையும் அவர் போலப் பொறுமையாகச் சொல்லித்தருகிறவர்கள் குறைவு. எனினும் அவர் கற்பிப்பது முழுக்க முழுக்கக் குத்துச்சண்டை, எம்.எம்.ஏ.வுக்கான குத்துச்சண்டை அன்று. முன்காலில் எடையை ஏற்றி, உடலைப் பக்கவாட்டில் திருப்பி நிற்கும் நிலை, கெண்டைக்கால் உதை, சிங்கிள் லெக் பிடி இரண்டுக்கும் அந்தக் காலை எடுத்து நீட்டுவதற்குச் சமம். இடுப்பிலிருந்து குனிந்து குத்தைத் தவிர்ப்பது முழங்கால் அடிக்கு முகத்தைக் கொடுப்பதாகும். பெரிய கையுறைக்குப் பின்னால் முகத்தை மறைக்கும் பழக்கம், நான்கு அவுன்ஸ் கையுறையில் ஓட்டைக் குடையாகிவிடும். மூன்று எடைப்பிரிவுகளில் உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்ற ஜேம்ஸ் டோனி, 2010இல் யு.எஃப்.சி.யில் மல்யுத்தப் பின்னணியுள்ள ராண்டி கூட்யூருடன் மோதியபோது முதல் சுற்றிலேயே காலைப் பிடித்துக் கிடத்தப்பட்டு, கழுத்துப் பிடியில் சரணடைந்தார். ஆயினும் குத்துச்சண்டையை ஒதுக்கிவிட முடியாது. நின்ற நிலையில் கைகள் அளவுக்கு விரைவாக எதிராளியை எட்டுகிற ஆயுதம் வேறில்லை. மாஸ்டரும் மல்யுத்தப் பயிற்றுநரும் வாரம் ஒருமுறை சேர்ந்து வகுப்பெடுத்தால் இந்தக் குறையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

நின்று அடிக்கும் கலைகளில் முழு மதிப்பெண் தரக்கூடியது முவே தாய் வகுப்புதான். முழங்கை, முழங்கால், தாழ்ந்த உதை, கழுத்தை இரு கைகளாலும் பற்றி இழுக்கும் கிளிஞ்ச் ஆகியவை கூண்டுக்குள் அப்படியே செல்லுபடியாகின்றன. 2006இல் ஆண்டர்சன் சில்வா ரிச் ஃபிராங்க்ளினை அந்தக் கிளிஞ்சில் மாட்டி முழங்காலால் தாக்கிப் பட்டம் வென்றதும், 2010இல் ஜோஸே ஆல்டோ ஐந்து சுற்றுச் சண்டையில் தாழ்ந்த உதைகளால் யுரைஜா ஃபேபரின் தொடையைச் சிதைத்ததும் இதற்குச் சான்று. இங்குள்ள பயிற்றுநர் வகுப்பில் பாதியைக் கிளிஞ்சுக்கே கொடுக்கிறார். பேட் மீது ஓசையெழ உதைப்பதைப் படமெடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்கு இது பிடிப்பதில்லை. அதுவே அவர் சரியாகச் செய்கிறார் என்பதற்கு அடையாளம். உயர்ந்து நிற்கும் நிலையிலிருந்து உதைத்த கால் பிடிபட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் இன்னும் கூடுதலாகச் சொல்லித்தரலாம்.

ஜியு-ஜிட்சுவின் நான்கு வகுப்புகளில் மூன்று கீ என்கிற தடித்த பயிற்சி உடையணிந்து நடப்பவை. சட்டைக் காலரையும் கைப்பட்டியையும் பற்றி ஆடும் அந்த ஆட்டம் தன்னளவில் அழகானது. ஆனால் கூண்டுக்குள் பற்றுவதற்குக் காலர் இல்லை, வியர்வை மட்டுமே உண்டு. மல்லாந்து கிடந்து கால்களால் எதிராளியைக் கட்டுப்படுத்தும் கார்ட் நிலையில் வசதியாகத் தங்கிவிடும் பழக்கமும், மேலிருந்து முழங்கை இறங்கும்போது ஆபத்தாகிறது. எம்.எம்.ஏ. நோக்கத்தோடு சேருகிறவர் கீ உடை அணியாத வகுப்புக்குப் போய், முதுகுப்பக்கம் சென்று கழுத்தை நெரிக்கும் பிடியையும், கீழேயிருந்து எழும் வழிகளையும் முதலில் கற்கட்டும். சார்லஸ் ஒலிவேரா யு.எஃப்.சி. வரலாற்றிலேயே அதிகமான சப்மிஷன் வெற்றிகளை, அதாவது பிடியால் சரணடைய வைத்த வெற்றிகளைக் குவித்திருப்பதைப் பார்க்கும்போது, இந்தக் கலையின் காலம் முடிந்துவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது.

மல்யுத்தத்தை இவ்வளவு புகழ்ந்தாலும், அது மட்டுமே போதாது என்பதற்கு நம் நாட்டு எடுத்துக்காட்டே இருக்கிறது. மல்யுத்தக் குடும்பத்திலிருந்து வந்த ரித்து போகட், 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த ஒன் சாம்பியன்ஷிப் பெண்கள் தொடரின் இறுதிப்போட்டியில், முவே தாய் பின்னணியிலிருந்து வந்த ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸிடம் கைமூட்டுப் பிடியில் சரணடைந்தார். உதைக்கும் கலையில் வளர்ந்தவர் தரைக் கலையைக் கற்று மல்யுத்த வீராங்கனையை வென்றார். நடுவர்களும் இன்று வெறுமனே கீழே கிடத்தி வைத்திருப்பதற்கு அதிக மதிப்பளிப்பதில்லை. அடியின் விளைவும் பிடியின் விளைவும் முதலில் கணக்கில் வருகின்றன, கட்டுப்பாடு கடைசியில்தான்.

சிலம்பமும் குத்துவரிசையும் கற்றவர்கள் சிலர் இங்கே சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய காலடி நேர்த்தியும் தோளின் தளர்வும் முதல் நாளே தெரிகின்றன. எதிர்த்துப் போராடுகிற ஆளைப் பிடித்துப் பழகாத குறையும் அப்படியே தெரிகிறது. கராத்தேக்காரர்களுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். இருந்தாலும், தூரத்தை அளந்து நிற்கும் கராத்தேயைக் கொண்டே லியோட்டோ மச்சீடா 2009இல் யு.எஃப்.சி. லைட் ஹெவிவெயிட் பட்டம் வென்றார். அவருக்கு ஜியு-ஜிட்சுவும் சுமோவும் தெரிந்திருந்தன என்பதைச் சொல்லாமல் விட்டால் அது அரைகுறைச் செய்தி.

ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கலப்பு ஸ்பாரிங்கை, அதாவது பயிற்சிச் சண்டையைக் கவனமாக நடத்துகிறார்கள். புதியவர்களை அதில் அனுமதிப்பதில்லை, பல்லுறை இல்லாதவரை மெத்தையில் ஏற்றுவதில்லை, தலையில் அடி வாங்கியவரை அந்த வாரம் திரும்ப விடுவதில்லை. பெண்களுக்குத் தனி நேரம் இல்லை; ஆனால் பயிற்சி இணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, அதை எவரும் முகம் சுளிக்காமல் மதிப்பதைக் கண்டேன். உடை மாற்றும் அறை ஒன்றே இருப்பதும், அதன் தாழ்ப்பாள் சரியாக விழாததும் உடனே சரிசெய்ய வேண்டிய குறைகள்.

உடற்பயிற்சிக்காக மட்டும் வருகிறவர் இங்கே தயங்காமல் சேரலாம். கொடுக்கிற பணத்துக்குக் குத்துச்சண்டை வகுப்பு ஒன்றே போதும். போட்டியில் இறங்கும் எண்ணமுள்ளவர் சனிக்கிழமை மல்யுத்தத்தையும் முவே தாயையும் கீ உடை அணியாத ஜியு-ஜிட்சுவையும் எடுத்துக்கொண்டு, மல்யுத்தத்துக்கு மட்டும் வேறோர் இடத்தையும் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். அடுத்த மாதம் முதல் புதன்கிழமை மாலையும் மல்யுத்த வகுப்பு உண்டு என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். அதைக் காரணம் காட்டிக் கட்டணத்தை உயர்த்துவார்களா என்று கேட்டதற்கு, வரவேற்பு மேசையில் இருந்தவர், “ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்” என்றார்.