மெயின்ஃப்ரேமில் கேவிஎம்: நாலு வருஷம் ஆகியும் ஆறாத கோபம்

நேத்து ராத்திரி தண்டையார்பேட்டையிலிருந்து நண்பன் போன் பண்ணினான். ஐபிஎம் இசட் என்ற மெயின்ஃப்ரேமில் (பெரிய நிறுவனங்கள் ஓட்டும் ராட்சச சர்வர்) கேவிஎம்மை, அதாவது ஒரே மெஷினுக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் லினக்ஸின் ஹைப்பர்வைசரை, ஏற்றப் பார்த்திருக்கிறான். மெஷினால் அது முடியுமா என்று சிபியு விவரத்தில் கிரெப் கமாண்டால் ஒரு வார்த்தையைத் தேடியிருக்கிறான். "மச்சி, கிரெப் போட்டா ஒண்ணுமே வரலடா. இந்த மெஷின்ல விர்ச்சுவலைசேஷனே கிடையாதா?"

நாலு வருஷத்துக்கு முன்னாடி, கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணி நின்ற ஒரு மழை நாளில், பெரம்பூர் வீட்டில் உட்கார்ந்து நானும் விடிய விடிய இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்டெல், ஏஎம்டி சர்வர் என்றால் பயாஸ் என்ற தொடக்க செட்டிங்குக்குள் போய் விர்ச்சுவலைசேஷனை ஆன் பண்ணும் வேலை வரலாம். ஐபிஎம் இசட்டில் அது இல்லை. சிபியு விவரம் இருக்கும் சிபியுஇன்ஃபோ ஃபைலின் ஃபீச்சர்ஸ் வரியில் 'எஸ்ஐஇ' இருந்தால் கேவிஎம் மாட்யூலை ஏற்றிவிடலாம். எஸ்ஐஇ என்றால் ஸ்டார்ட் இன்டர்ப்ரெட்டிவ் எக்ஸிக்யூஷன், விர்ச்சுவல் மெஷினை ஓட்டவைக்கும் சிபியு இன்ஸ்ட்ரக்ஷன்; அது 1980களிலேயே வந்தது. மெஷினை எல்பார் எனும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும், மெஷினோடேயே வரும் பிஆர்எஸ்எம்மும் அதை நம்பித்தான் ஓடுகிறது. எங்கள் கெஸ்ட் (உள்ளே ஓடும் விர்ச்சுவல் மெஷின்) ஒன்றுகூட இதுவரை ஹைப்பர்வைசர் கோளாறால் படுத்ததில்லை.

'எஸ்ஐஇ' என்ற அந்த வார்த்தை இல்லாதபோதுதான் வயிறு எரியும். கிரெப் வாயே திறக்காது. மெஷின் தயாரா என்று சோதிக்கும் விர்ட்-ஹோஸ்ட்-வேலிடேட் என்ற டூலை ஓட்டினால், எமுலேட்டட் சிபியு மட்டும்தான் இருக்கிறது, வேகம் ரொம்பக் குறையும் என்று ஒரு வரி. படிக்கிறவன் ஹார்டுவேரையே சந்தேகப்படுவான். நானும் அப்படித்தான் கிளையன்ட்டுக்கு மெயில் போட்டுத் தலைகுனிந்தேன். அவர்கள் எனக்குக் கொடுத்திருந்தது எல்பாரே இல்லை, கேவிஎம்முக்குள் ஓடும் ஒரு கெஸ்ட். ஐபியும் பாஸ்வேர்டும் கையில் வந்தால் எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று யாருக்குத் தெரியும்? நெஸ்டட் (கெஸ்ட்டுக்குள் இன்னொரு கெஸ்ட்) திறக்காத இன்டெல் கெஸ்ட்டிலும் விஎம்எக்ஸ் (எஸ்ஐஇ மாதிரி இன்டெலில் தேடும் வார்த்தை) தெரியாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோடிக்கணக்கில் விலை போகும் பெட்டியில் 'நீ கெஸ்ட்டுக்குள் இருக்கிறாய்' என்று அந்த டூல் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

அதைச் சொல்வது சிஸ்இன்ஃபோ என்ற இன்னொரு ஃபைல். அதில் 'விஎம்00 கன்ட்ரோல் புரோகிராம்' என்ற வரி வந்து, எதிரில் கேவிஎம் லினக்ஸ் என்றிருந்தால் நீங்கள் கெஸ்ட். நேரே எல்பாரில் இருந்தால் அந்த வரியே வராது. நண்பனைப் பார்க்கச் சொன்னேன். இருந்தது.

கெஸ்ட்டை ஓட்டும் ஹோஸ்ட்டில் கேவிஎம் மாட்யூலை 'நெஸ்டட்=1' என்று ஏற்றினால் கெஸ்ட்டுக்குள்ளும் எஸ்ஐஇ தெரியும். ஆனால் நண்பனுக்குக் கெஸ்ட் கொடுத்தவர்களின் ஹோஸ்ட்டில் ஓடும் கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) நெஸ்டட் போட்டால் கெஸ்ட்டுகளுக்கு ஹியூஜ் பேஜ் (பெரிய துண்டுகளாக மெமரி) கொடுக்க முடியாது, கெர்னலே மறுத்துவிடும். அங்கே டேட்டாபேஸ் கெஸ்ட் ஹியூஜ் பேஜில் ஓடுகிறது. அட்மின் முடியாது என்றுவிட்டார், அவர் மேல் தப்பில்லை.

ஓட்டத்துக்கு மார்க் கேட்டால் பத்துக்கு ஒன்பது தருவேன். புதுசாகக் கற்றுக்கொள்கிறவன் இதில் தொடங்கலாமா என்று இன்றைக்குக் கேட்டால், வேண்டாம் என்பேன். நண்பன் தனி எல்பார் கேட்டு எழுதியிருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை.