மறுதேர்வு எழுதாதவர்களின் பட்டியல்: வயதுவந்தோர் பள்ளியில் தரவோடு நெடுங்காலம்

வேறொரு பள்ளியில் அண்மையில் ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்ற தோழி, "மாணவர்களின் வருகை, தேர்வு, வேலை பற்றி அரசுக்கு அனுப்பும் இந்தத் தரவால் வகுப்புக்கு ஏதாவது பயன் உண்டா, அல்லது நிதி வாங்குவதற்கான சடங்குதானா?" என்று கேட்டிருந்தார். கலிபோர்னியாவில் வயதுவந்தோர் பள்ளியொன்றின் ஆங்கில வகுப்புகளைக் கவனித்துவருபவள் என்ற முறையில், அவருக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே தருகிறேன். இந்தத் தரவைக் கேட்பது, வயதுவந்தோர் கல்விக்கு நிதி தரும் 2014ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் (WIOA). கற்றலில் முன்னேற்றம், வேலை முதலிய ஆறு செயல்திறன் குறியீடுகளால் அது பயனை அளக்கிறது.

பதிவு மென்பொருள் தரும் அறிக்கைகளில் பெரும்பாலானவற்றை நாங்கள் திறப்பதே இல்லை. ஆனால், சேரும்போது முன்தேர்வு எழுதி, 12 மணி நேர வகுப்பைக் கடந்து, முன்னேற்றத்தை அளக்கும் மறுதேர்வு எழுதாமல் நின்றுபோனவர்களைப் பெயர் பெயராகக் காட்டும் பட்டியல் எங்கள் பள்ளியின் போக்கையே மாற்றியது. மறுதேர்வுக்குக் குறைந்தது 40 மணி நேர வகுப்பு வேண்டும். 70 முதல் 100 மணி நேரம் என்பது பரிந்துரை. எல்லா வகுப்புகளுக்கும் பருவத்தின் கடைசி வாரத்தில் தேர்வு வைப்பதே இங்கு வழக்கமாக இருந்தது. பட்டியலை வருகை நேரத்தோடு சேர்த்து வகுப்புவாரியாக அடுக்கிப் பார்த்தபோது, காலை வகுப்பில் எந்த ஒழுங்கும் தென்படவில்லை. இரவு வகுப்பிலோ பெரும்பாலானோர் 40 மணி நேரத்தைத் தாண்டிய பிறகு, தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கையில் நின்றிருந்தார்கள். அந்த வகுப்பு ஆசிரியரின் திறமையைப் பற்றி அதுவரை நடந்துவந்த பேச்சு அன்றோடு ஓய்ந்தது. இரவு வகுப்புக்கு மட்டும் தேர்வை முன்னுக்கு நகர்த்தினோம். தேர்வு முடிவிலிருந்து, மருந்துக் குப்பியின் குறிப்பைப் படிப்பதில் தடுமாறுபவர் யார், சம்பளச் சீட்டில் பிடித்தம் எது என்று தெரியாதவர் யார் என்ற விவரம், பருவம் முடிவதற்குள்ளேயே ஆசிரியர் கைக்கு வந்தது. அடுத்த வாரமே அது பாடமானது.

இனி, இன்றுவரை எனக்கு ஆறாத ஒரு கோபம். அரசுக்கு அனுப்பும் ஆண்டறிக்கையின் நான்காம் அட்டவணையில், முன்னேற்றம் பதிவாகும் முன் விலகியோருக்கென ஒரு நெடுவரிசை உண்டு. எங்கள் மாணவி ஒருவருக்கு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை கிடைத்தது. பணிநேரம் இரவில் அமைந்ததால் மறுதேர்வுக்கு முன்பே விடைபெற்றார். பணி ஆணையைக் கொண்டுவந்து, வரி விடாமல் ஆசிரியருக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் போனார். அட்டவணையிலோ, 13 மணி நேரத்தோடு சலித்து நின்றவரும் அவரும் ஒன்றே. கடும் நோய், சிறை, மரணம், ராணுவ அழைப்பு ஆகியவற்றுக்குக் கணக்கிலிருந்து விலக்கு உண்டு. வேலை கிடைத்ததற்கு இல்லை. வேலைக்கெனத் தனிக் குறியீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் 90 நாள் எந்தச் சேவையும் பெறாதவரையே அது வெளியேறியவராகக் கொள்கிறது, வெளியேறிய பின் வரும் இரண்டாம் காலாண்டில்தான் அவருடைய வேலையைப் பார்க்கிறது. ஊதியப் பதிவுகளோடு ஒப்பிட உதவும் சமூகப் பாதுகாப்பு எண்ணைத் தராதவர்களை நாமே தொலைபேசியில் தேடிப்பிடிக்க வேண்டும்; அதற்குள் பலருடைய எண் மாறியிருக்கும். விடை வந்து சேரும்போது அந்த வகுப்பே கலைந்திருக்கும்.

கலிபோர்னியாவில் இந்த நிதி, மாணவர்கள் எட்டும் முன்னேற்றப் புள்ளிகளைக் கணக்கிட்டே பகிரப்படுகிறது. ஆகவே, மாணவர்களை வேலைக்கு அனுப்பிவைத்த வகுப்பு காகிதத்தில் மெலிந்து தெரிகிறது. அதை மூடிவிடலாமா என்ற கேள்வி வரவுசெலவுக் கூட்டத்தில் எழுகிறது. கடந்த கூட்டத்திலும் எழுந்தது. மென்பொருளில் விலகிய காரணத்தைக் குறிக்க ஒரு கட்டம் இருக்கத்தான் செய்கிறது. கூட்டத்தில் திரையிடப்படும் சுருக்கத்தில் அது இடம்பெறுவதில்லை. எனவே அந்தக் காரணங்களை மட்டும் தனி விரிதாளில் தொகுத்து, அச்சிட்டுக் கையில் கொண்டுபோகிறோம்.

இந்தத் தரவு இல்லாதிருந்தால் இரவு வகுப்பின் சிக்கல் எங்களுக்குப் புலப்பட்டே இருக்காது. அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் இந்தத் தரவு முறைக்கு மதிப்பெண் கேட்டால் இன்று ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். அந்தப் பட்டியலை வாரந்தோறும் எடுங்கள், ஆண்டறிக்கையைக் கொண்டு எந்த ஆசிரியரையும் எடைபோட இடம் கொடுக்காதீர்கள் என்றே தோழிக்கு எழுதியிருக்கிறேன்.