சூடேறி அணையும் கேம் கன்சோல்: ஊதுவதா, பிரிப்பதா, விசிறி மாட்டுவதா?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே குடியிருப்பவர்களுக்குப் பஞ்சுத் தூசியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதே பஞ்சு டிவிக்குக் கீழே இருக்கும் கேம் கன்சோலுக்குள்ளும் போய் அடைகிறது என்பது, ஆட்டத்தின் நடுவே அது தானாக அணைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எப்படி அணைகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். உள்விசிறியின் இரைச்சல் படிப்படியாகக் கூடி, பின்பக்கக் காற்று அனலாக வீசி, அதன் பிறகு அணைந்தால் அது சூட்டின் வேலை. இரைச்சலே இல்லாமல் பட்டென்று அணைந்தால் பிளக், வோல்டேஜ், பவர் சப்ளை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கீழே சொல்லும் மூன்று வழிகளும் அதற்கு உதவா.

மூன்றில் எனக்குச் சற்றும் நம்பிக்கையில்லாதது, அடியில் வைக்கும் விசிறி ஸ்டாண்டு. சூடு தேங்குவது உள்ளே, சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க் என்ற உலோகத் தகடுகளில். ஸ்டாண்டோ வெளி ஓட்டுக்குத்தான் காற்று வீசுகிறது. அதற்குச் செலவழிப்பதைவிட, கன்சோலை மூடிய அலமாரியிலிருந்து வெளியே எடுத்து வைப்பது மேல்.

தூசியை ஊதுவது செலவில்லாத வழி. பனியன் யூனிட் வைத்திருக்கும் என் மச்சான், ஓவர்லாக் மெஷினுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரிலேயே இதையும் அடித்துவிடலாம் என்றார். நான் மறுத்தேன்: அந்தக் காற்றில் ஈரம் வரும், அழுத்தமும் அதிகம். சிறிய கை புளோயரே போதும். ஆனால் விசிறி இறக்கையைக் குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது தாறுமாறாகச் சுழன்று பேரிங் கெடும். ஓட்டைக் கழற்றியபோது தகடுகளின் வாயில் பஞ்சு ஒரு துணிபோலவே படிந்திருந்தது, சாமணத்தால் உரித்தெடுத்தேன். இரைச்சல் அன்றே பாதியானது.

ஆனாலும் சித்திரை பிறந்ததும் மீண்டும் அணைந்தது. பிளேஸ்டேஷன் 4 போன்ற கன்சோல்களுக்கு அறை வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது தயாரிப்பாளரின் குறிப்பு. நம் ஊர்ப் பக்கம் சித்திரை மதியத்தில் அது நடவாத காரியம். அத்தகைய நாளில் சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் இடையில் சூட்டைக் கடத்தத் தடவும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால், தகடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சூடு அதைச் சென்றடையாது. சர்வீஸ்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, "பேஸ்ட் காஞ்சு போச்சுங்க, சுரண்டுனா மாவாட்டம் உதிருது" என்றார். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிய பேஸ்டை மெல்லியதாகத் தடவினார். இது வீட்டில் செய்ய முடியாத வேலை அல்ல. ஆனால் முனை நட்சத்திர வடிவில், நடுவில் துளையுள்ள டார்க்ஸ் ஸ்குரூ டிரைவரும், ரிப்பன் கேபிளைக் கிழிக்காத பொறுமையும் வேண்டும். எனக்கு இரண்டாவது இல்லை என்பதால் கடைக்குக் கொடுத்தேன். ஆகவே ஊதிய பிறகும் அணைந்தால் மட்டுமே பேஸ்ட் மாற்ற வேண்டும்; வாரண்டி இருக்கும்வரை அதுவும் கூடாது.

2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5க்கு இந்த வரிசை பொருந்தாது. அதில் பேஸ்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் இருக்கிறது. மின்சாரத்தைக் கடத்தும் அது போர்டில் சிந்தினால் ஷார்ட் ஆகிவிடும். பக்கத் தகட்டைக் கழற்றினால் தூசி சேர்வதற்கென்றே இரண்டு துளைகள் தெரியும். வேக்குவம் கிளீனரை அங்கே வைத்து உறிஞ்சுவதோடு வீட்டுக் கைவேலையை நிறுத்திக்கொள்ள வேண்டும்.