எட்டு சாய்தண்டா, இரண்டு ஏணியா?

ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரு சுவர், வெயில் நன்றாக விழும் பக்கம். அங்கே பழமரம் வேண்டும், ஆனால் ஜன்னலை மறைக்கக் கூடாது, ஏணி போடாமல் கையால் பறிக்க வேண்டும். இப்படி நிபந்தனை வைத்துவிட்டால் இஷ்டத்துக்கு வளரும் மரம் கணக்கிலேயே வராது. கம்பியில் கட்டி, வெட்டிப் பழக்கிய மரம்தான். ஆப்பிளும் பேரியும் இதற்கு நன்றாகவே வளைந்து கொடுக்கும். எந்த வடிவத்தில் பழக்குவது என்பதில்தான் எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கக் குழப்பம்.

நடுத்தண்டு நேராக நிற்க, இருபுறமும் கை நீட்டியதுபோல் அடுக்கடுக்காகக் கிளைகள் படுத்திருந்தால் அது எஸ்பாலியர். பார்க்க ஏணி மாதிரி இருப்பதால் ஏணி என்றே சொல்லிவிடுகிறேன். இன்னொன்று கோர்டான். ஒரே தண்டை 45 பாகை சாய்த்து நட்டு, பக்கக் கிளை எதையும் நீளவிடாமல் ஒட்ட வெட்டியே வைத்திருப்பது. கயிறு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. ‘கார்டன்’ என்று எழுதினால் தோட்டம் என்று படித்துவிடுவீர்கள், ஆகவே சாய்தண்டு.

சுவரில் எட்டு சாய்தண்டு வைத்தேன், ஆறு ஆப்பிள், இரண்டு பேரி. அதே வாரத்தில் நடைபாதை ஓரமாக இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு பேரியை ஏணியாகத் தொடங்கினேன். ஆண்டு ஏழு ஆகிறது. இப்போது யாராவது கேட்டால் யோசிக்காமல் சாய்தண்டு என்பேன். ஏன் என்பதற்கு முன் சில்லறைக் கணக்குகளை முடித்துவிடலாம்.

அழகில் ஏணிதான். இலை உதிர்ந்த பிறகும் சுவரில் கோடு வரைந்தது போல நிற்கும். செலவிலும் ஏணிக்கே வெற்றி, இரண்டு கன்று போதுமான இடத்தில் சாய்தண்டுக்கு எட்டு கன்று வாங்க வேண்டும். ரகத்தில் நிலைமை தலைகீழ். எட்டு மரம் என்றால் எட்டு ரகம் வைக்கலாம், ஒன்று முடியும்போது அடுத்தது பழுக்கும். பெரும்பாலான ஆப்பிள் ரகங்கள் தன் மகரந்தத்தால் ஒழுங்காகக் காய்க்காது, ஒரே சமயத்தில் பூக்கும் வேறு ரகம் பக்கத்தில் வேண்டும். பிராம்லி போன்ற மும்மடிய ரகம் (குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி உள்ளது) இன்னும் மோசம், அதன் மகரந்தம் யாருக்கும் பெரிதாக உதவாது, ஆகவே கூட இரண்டு ரகம் தேவை. சாய்தண்டு வரிசையில் இந்தக் கவலையே எழாது.

விளைச்சலில் ஏணிதான் ஜெயிக்கும் என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. 1.8 மீட்டர் உயரத்தில் 45 செ.மீ. இடைவெளியில் நான்கு அடுக்கு வரும். மூன்று மீட்டர் அகலமுள்ள இரண்டு ஏணிகளுக்கு மொத்தம் 24 மீட்டர் காய்க்கும் கிளை. அதே உயரம்வரை சாய்ந்து ஏறும் தண்டின் நீளம் இரண்டரை மீட்டர், எட்டுக்கு 20 மீட்டர். அந்த நான்கு மீட்டருக்காக நான் ஒன்றும் தூக்கத்தை இழக்கப் போவதில்லை.

இந்தக் கணக்கில் நான் ஒரு இடத்தில் சறுக்கினேன். 75 செ.மீ.க்கு ஒன்று என்று காகிதத்தில் எட்டுப் புள்ளி வைத்துக் கன்றும் வாங்கிவிட்டேன். நடும் நாளில் கடைசிப் புள்ளியில் ஒரு மூங்கில் கழியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அதன் நுனி சுவரைத் தாண்டி ஒரு மீட்டருக்கு மேல் வெளியே நிற்கிறது! சாய்ந்த மரம் உயரம் எவ்வளவோ அவ்வளவு பக்கவாட்டிலும் போகும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு, கன்று வாங்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. 1.8 மீட்டரைக் கழித்தால் வேர் ஊன்றக் கிடைப்பது 4.2 மீட்டர்தான். 75 செ.மீ. என்றால் ஆறு மரம், 60 என்றால் சரியாக எட்டு. எட்டு கன்றும் வேர் வெளியே தெரிய ஈரச் சாக்கில் காத்திருந்தன. 60 செ.மீ.க்கு இறங்கினேன். 60 முதல் 75 வரை ஏற்கத்தக்க இடைவெளிதான், ஆனால் அது என் திட்டம் அல்ல, என் தவறுக்கு மண் கொடுத்த சலுகை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெட்டத் தவறிய ஒரு கோடைக்குப் பிறகு மரம் என்ன ஆகும்? என்னைக் கேட்டால் இந்த ஒரு கேள்விதான் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும். கிளையைப் படிய வைத்து வளர்ப்பது பழைய கலை. பிரான்சின் வெர்சாயில் அரசர் பதினான்காம் லூயிக்காக 1678 முதல் 1683 வரை லா கேன்தினி என்ற தோட்டக்கலைஞர் அமைத்த அரசத் தோட்டத்தில் சுவர் சுவராக இப்படிப் படிய வைத்த மரங்கள்தான். அரசருக்கு ஆட்கள் இருந்தார்கள், ஒரு தோட்டக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் கத்தரி எடுப்பார். எனக்கு இருப்பது என் இரண்டு கைகள்.

வெட்டும் விதி இரண்டு வடிவத்துக்கும் ஒன்றுதான். லொரெத் என்ற பிரெஞ்சுக்காரர் பெயரில் வழங்கும் முறையின் எளிய வடிவம். கோடைக் கடைசியில், அந்த ஆண்டு விட்ட வளாரின் அடிப்பாகம் விறைத்து மரமாகத் தொடங்கும்போது, முதலில் பேரியையும் பிறகு ஆப்பிளையும் வெட்ட வேண்டும். தண்டிலிருந்து நேராகக் கிளம்பி 20 செ.மீ.க்கு மேல் போன வளாரை, அடியில் நெருக்கமாக இருக்கும் இலைக் கொத்தை விட்டுவிட்டு அதற்கு மேல் மூன்று இலை வைத்து நறுக்கணும். ஏற்கெனவே வெட்டிய குட்டைக் கிளையிலிருந்து வந்தது என்றால் ஒரே இலை. 20 செ.மீ. எட்டாததைத் தொடாதீர்கள், அதன் நுனியிலேயே பூமொட்டு வரும். அப்புறம் தாமதமாகத் துளிர்ப்பதை இலையுதிர் தொடக்கத்தில் கிள்ளி எறியலாம். இவ்வளவுதான்.

சாய்தண்டுக்கு இந்த விதியோடு கதை முடிந்தது. கீழிருந்து மேலே ஒரு முறை கையை ஓட்டினால் ஒரு மரம் தீர்ந்தது. எட்டு மரம் ஒரு காலைப்பொழுது, நடுவில் டீயும் உண்டு.

ஏணியில் விதிக்கு மேல் தீர்ப்பும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு ஓர் அடுக்குதான் ஏற்ற முடியும். புதுக் கை இரண்டையும் முதலில் சாய்வாகக் கட்டி வளரவிட்டு, வளர்ச்சி நின்றபின்தான் கம்பியோடு படுக்க வைக்க வேண்டும், அவசரப்பட்டுப் படுக்க வைத்தால் அதன் நீளம் அங்கேயே நின்றுவிடும். ஒரு கை பலமாகவும் மற்றது நோஞ்சானாகவும் போனால் பலமானதைத் தாழ்த்தி, நோஞ்சானை நிமிர்த்த வேண்டும். தண்டின் நுனி மொட்டிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே உள்ள மொட்டுகளை அடக்கிவைக்கிறது. கிளை படுத்தால் அந்தப் பிடி தளர்கிறது, மொட்டுகள் விழிக்கின்றன, நீள்வதை விட்டுவிட்டுக் காய்க்கப் பார்க்கிறது. நல்லதுதான். ஆனால் படுத்த கிளையின் முதுகில் விழிக்கும் மொட்டு நேர் மேலே பாயும். நீர்ப்போத்து என்போமே, அதேதான். மேல் அடுக்கில் இது அதிகம், கீழ் அடுக்கில் குறைவு. மரம் எப்போதும் உச்சிக்கே ஊட்டும். 45 பாகை இந்த இரண்டுக்கும் நடுவான சமாதானம், நுனியும் நகரும், அடிமுதல் குட்டைக் கிளைகளும் ஓரளவு சமமாக நிறையும்.

ஐந்தாவது கோடையில் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. தோட்டத்தில் கால் வைக்கவில்லை. இலையெல்லாம் கொட்டிய பிறகுதான் கத்தரியோடு போனேன். சாய்தண்டு ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு நீண்ட வளார்கள், முள்ளம்பன்றி மாதிரி. அரை நாளில் எட்டையும் ஒழுங்குபடுத்தினேன். குளிர்காலத்தில் வெட்டினால் வசந்தத்தில் முரட்டுத்தனமாகத் துளிர்க்கும், துளிர்த்தது. அடுத்த கோடையில் வேலை கொஞ்சம் கூடியது, காய் கொஞ்சம் குறைந்தது. அதோடு சரி.

ஏணியின் மேல் அடுக்கில் மட்டும் பத்தொன்பது நீர்ப்போத்து. சில என் கட்டைவிரல் தடிமன், உயரம் என் தலைக்கு மேல். அவற்றின் நிழலில் கீழ் அடுக்கின் இடக்கை காய்ந்து கொண்டிருந்தது. நுனியிலிருந்து இரண்டு சாண் சுருங்கி, நகத்தால் கீறினால் பட்டைக்கடியில் பச்சை இல்லை, பழுப்பு. இன்னும் உள்ளே தள்ளி, மூன்றாம் ஆண்டு நான் கட்டிய மெல்லிய கம்பி அப்படியே பட்டைக்குள் புதைந்திருந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் கட்டை அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும் என்று தெரிந்தே விட்ட வேலை அது. இப்போது சணல் கயிறு தவிர எதையும் மரத்தில் சுற்றுவதில்லை.

மேலே இருந்த பத்தொன்பதையும் ஒரே மூச்சில் வெட்டினேன். அதுவும் தப்பு. வசந்தத்தில் அதே இடத்தில் முப்பதுக்கு மேல் கிளம்பின. அடுத்த இரண்டு ஆண்டும் இளசாக இருக்கும்போதே கோடையில் ஒவ்வொன்றாகக் கிழித்தெடுத்துத்தான் அடங்கியது. செத்த கையைப் பச்சை தெரியும் கணுவரை வெட்டி, மிச்சத்தை மூங்கில் கழியில் கட்டி நிமிர்த்தி வைத்தேன். ஒன்றரை மீட்டர் இருந்த கையில் இன்றைக்குத் தேறுவது அறுபது செ.மீ. மற்ற மூன்று அடுக்கும் முழுசாக நிற்கும்போது அந்த ஒரு மூலை பல் விழுந்த வாய் போலத் தெரிகிறது. அந்த இடத்தில் புதுக் கிளையை வரவழைக்கலாம், மேலே உள்ளவை முந்திக்கொண்டு குடித்துவிடுவதால் அது ஊர்கிறது.

சாய்தண்டு வரிசையிலும் ஒரு மரம் போனது. ஆப்பிள், பட்டைப் புண் நோய், தண்டைச் சுற்றிவிட்டது. பிடுங்கி எறிந்தேன். போனது 60 செ.மீ. இடம். ஆப்பிள் இருந்த குழியில் மறுபடி ஆப்பிள் வைத்தால் கன்று தேறாது என்பதால் பெரிய குழியாகத் தோண்டி வேறு இடத்து மண் போட்டு, ஒரு வயதுக் கன்றைச் சாய்த்து நட்டேன். இரண்டே ஆண்டில் இடைவெளி கண்ணுக்குத் தெரியவில்லை. வரிசையில் ஒன்று போனால் போனது எட்டில் ஒன்று, ஏணியில் ஒரு கை போனால் வடிவமே போனது.

சாய்தண்டுக்குப் போகிறவர்கள் கன்று வாங்கும்போது வேர்ச்செடியை, அதாவது ரகத்தை ஒட்டுக்கட்டியிருக்கும் அடிச்செடியை, கேட்டு வாங்குங்கள். எம்9, எம்26 இரண்டும் அடக்கமானவை, மண் சுமாராக இருந்தால் எம்எம்106. பேரிக்குக் குவின்ஸ் என்ற பழமரத்தின் வேர். வேகமாக வளரும் வேரில் கட்டிய கன்றைச் சாய்தண்டாக அடக்கப் பார்ப்பது யானையைத் திண்ணையில் கட்டுவது மாதிரி. நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். புதைந்தால் மேல் ரகமே வேர்விட்டு, குட்டை வேரின் அடக்கம் பறந்துவிடும். சாய்க்கும்போது ஒட்டுக்குச்சி (வேரின் மேல் ஒட்டிய ரகம்) மேல்பக்கமாக வரும்படி திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் பாரத்தில் ஒட்டு பிளக்கும். 60, 120, 180 செ.மீ. உயரத்தில் மூன்று ஜி.ஐ. கம்பி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்று போக. சுவரடி மண் எப்போதும் காய்ந்தே கிடக்கும், வேரையும் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

வளாரின் நுனியில் காய்க்கும் ரகங்களுக்கு இரண்டு வடிவமுமே ஒத்துவராது. வெட்ட வெட்டக் காயைத்தான் வெட்டுவீர்கள். மாமரமும் பெரும்பாலும் நுனியில்தான் பூக்கும்.

ஏணியை அடியோடு வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். ஒரே ரகம் போதும், இடம் அகலம், உயரம் குறைவு, கோடைக் கடைசியில் கண்டிப்பாக ஊரில் இருப்போம் என்பவர்கள் இரண்டு அடுக்கோடு நிறுத்திக்கொண்டால் மேல்-கீழ்ச் சண்டை பாதி குறையும். முழங்கால் உயரத்தில் ஒரே அடுக்காகப் பாத்தி ஓரம் ஓடும் ஏணியும் உண்டு, பழத்தோட்டம் என்பதைவிட வேலி என்று நினைத்து வைக்கலாம்.

குழிப்பேரி (பீச்), பிளம், செர்ரிக்கு இந்த இரண்டும் சரிவராது, விசிறிதான். குட்டைத் தண்டிலிருந்து விரல் விரித்ததுபோல் கிளைகள். குழிப்பேரி போன ஆண்டுக் கிளையில்தான் காய்க்கும், ஆகவே காய்த்ததை வெட்டிப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே ஒற்றைக் கொட்டை உள்ள இந்த மரங்களைக் குளிர்காலத்தில் வெட்டவும் கூடாது, வெட்டுக்காயம் வழியே வெள்ளியிலை நோய் நுழையும். எனக்கு விசிறியில் இருக்கும் அனுபவம் இரண்டு வயதான ஓர் அத்தி மட்டுமே, அதை வைத்து யாருக்கும் புத்தி சொல்லும் நிலையில் இல்லை. இதுவரை அது நான் கட்டிய பக்கம் ஒரு கிளையும் கட்டாத பக்கம் மூன்று கிளையும் விட்டிருக்கிறது.

சாய்தண்டுகளில் இரண்டு போன கோடையில் மேல் கம்பியைத் தொட்டுவிட்டன. வரும் குளிரில் எட்டையும் கழியோடு சேர்த்து அவிழ்த்து ஐந்து பாகை தாழ்த்திக் கட்டப் போகிறேன். 35 வரை தாழ்த்தலாம். நுனிக்கு இன்னும் கொஞ்சம் ஓட இடம் கிடைக்கும். வலது கோடி மரம் மட்டும் சுவரைத் தாண்டித் தலையை நீட்டும், அதற்கு இப்போதே ஒரு கம்பம் வாங்கி வைத்திருக்கிறேன்.