வேலியோரக் கமீலியா: சசான்குவாவா, ஜப்பானிக்காவா?

மேற்குச் சிட்னியில் புதிதாக வீடு வாங்கும் நண்பர்கள் வேலியோரம் கமீலியா வைக்கலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. தாராளமாக வைக்கலாம். தேயிலைக்கு நெருங்கிய சொந்தமான செடி இது. இந்த ஊருக்கும் பழைய பழக்கம்தான்: பரமட்டாவை ஒட்டிய கமீலியா என்ற புறநகருக்கு அந்தப் பெயரைத் தந்ததே 19-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த ஒரு நாற்றுப்பண்ணை. ஆனால் கடையில் சசான்குவா, ஜப்பானிக்கா என்று இரண்டு வகை நிற்கும். இரண்டும் ஜப்பானை ஒட்டிய நிலங்களிலிருந்து வந்தவை, குணம் வேறு.

முதலில் வெயில். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகும். மேற்குச் சுவர் மாலை வரை காயும். 2020 ஜனவரி 4 அன்று மேற்குச் சிட்னியின் பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. அந்தக் கோடையில் எங்கள் மேற்கு வேலியோரம் நின்ற ஜப்பானிக்காவின் இலைகள் இஸ்திரிப்பெட்டி பட்டதுபோலப் பழுப்பாகிவிட்டன. அடுத்த குளிர்காலத்தில் மொட்டுகளும் விரியாமலே கொட்டின. இரண்டு நாள் மனசே சரியில்லை. தவறு என்னுடையது: காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கேட்கிற செடியைக் கொண்டுபோய் அங்கே வைத்திருக்கக் கூடாது. சசான்குவாவின் இலை சிறியது, வெயிலை நன்றாகத் தாங்கும். வேர் அழுகலையும் அது கூடுதலாக எதிர்க்கும். அதனால்தான் ஜப்பானிக்காவைச் சில சமயம் சசான்குவா வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுகிறார்கள். இந்தப் பக்கத்துக் களிமண்ணுக்கு இது பெரிய விஷயம்.

பூ என்று வந்தால் என் மனசு ஜப்பானிக்கா பக்கம் சாயும். மே முதல் செப்டம்பர் வரை, ஊரே வாடிக்கிடக்கும் குளிரில், உள்ளங்கை அகலத்துக்கு அடுக்கடுக்காக விரியும். ஒரு கொத்தில் ஒரு மொட்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டால் இன்னும் பெரிதாக வரும். காம்போடு வெட்டி உருளித் தண்ணீரில் மிதக்கவிட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வாசனைதான் பெரும்பாலும் இல்லை.

சசான்குவா மார்ச், ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். தனிப்பூ சின்னது, சீக்கிரம் உதிரும், ஆனால் செடி முழுக்கப் பூக்கும். மெல்லிய மணமும் உண்டு. ஜப்பானிக்கா பெரும்பாலும் முழுப்பூவாக விழும், இதுவோ இதழ் இதழாகக் கொட்டும். காலையில் அதன் அடியில் நின்றால் எனக்கு ஊரில் பவழமல்லி மரத்தடிதான் நினைவுக்கு வரும்.

மறைப்புவேலிதான் நோக்கமென்றால் யோசிக்கவே வேண்டாம், சசான்குவா. வேகமாக வளரும், கத்தரிக்கு நன்றாக இணங்கும். 'செட்சுகெக்கா' என்ற வெள்ளை ரகத்தை ஒரு மீட்டர் இடைவெளியில் வையுங்கள். இரண்டு வகைக்குமே பூத்து முடிந்த கையோடு வெட்டிவிட வேண்டும். கோடையில் அடுத்த மொட்டு கட்டத் தொடங்கிவிடும். அப்போது வெட்டினால் அந்த வருடப் பூ போச்சு.

மண் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே பிடிவாதம். பி.எச். 5.5 முதல் 6.5 வரை, லேசான புளிப்பு மண் வேண்டும். சுண்ணாம்பு, சாம்பல், காளான் உரம் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். வேர் மேலாகவே ஓடும் என்பதால் ஆழமாகப் புதைக்கவும் கூடாது. தொட்டியிலிருந்த மண்கட்டி தரைமட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கட்டும். சுற்றிலும் மரப்பட்டைத் தூள் போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள். மொட்டு கட்டும் மாதங்களில் தண்ணீர் விட்டுப்போனால் ஜப்பானிக்கா உடனே மொட்டை உதிர்த்துக் காட்டிவிடும்.

எங்கள் வீட்டில் இப்போது மேற்கு வேலி முழுக்கச் சசான்குவா. கருகிய அந்த ஜப்பானிக்காவை ஒரு ஜூன் மாதத்தில் வேர்மண்ணோடு பெயர்த்து, சமையலறை ஜன்னலுக்கு எதிரே கிழக்குப் பக்கம் வைத்தேன். ஒரு வருடம் சும்மா நின்றது, அப்புறம் பூத்தது.

வாங்குவதற்கு முன் சிட்னியின் காரிங்பா தெற்கு என்ற புறநகரில் 1970-இல் திறக்கப்பட்ட ஈ.ஜி. வாட்டர்ஹவுஸ் தேசியக் கமீலியா தோட்டத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஜூன் கடைசியில் போனால் சசான்குவா முடியும் தறுவாயிலும் ஜப்பானிக்கா ஏறுமுகத்திலும் இருக்கும். இரண்டையும் பூவோடு பார்த்துவிடலாம்.