புளூரல்கிட்: ஒரே டிஸ்கார்ட் கணக்கில் பலர் பேச

ஓர் உடலைப் பகிர்ந்து பலராக வாழ்பவர்களுக்கு டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் பெயரும் படமும் ஒன்றுதான். பேசுவது யார் என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும். இந்தச் சிக்கலுக்காகவே 2018 முதல் இயங்குகிறது புளூரல்கிட் பாட் (டிஸ்கார்டில் தானாகச் செயல்படும் நிரல்). இலவசம், திறந்த மூலநிரல். மருத்துவச் சான்று கேட்பதில்லை, எத்தனை பேர், ஏன் என்று விசாரிப்பதும் இல்லை. பலராக இருப்பதை மறைக்காமல் பெருமையோடு பேச இடம் தருகிற கருவி, தாராளமாகப் பரிந்துரைக்கலாம்.

நீங்கள் அனுப்பிய செய்தியை அழித்து, பேசிய உறுப்பினரின் (உங்களில் ஒருவரின்) பெயரிலும் படத்திலும் வெப்ஹூக், அதாவது வேறு பெயரில் செய்தி போடும் டிஸ்கார்ட் வசதி, வழியாக அதையே மறுபடி போடுகிறது. தனிச் செய்திகளில் வெப்ஹூக் இல்லை, ஆகவே அங்கே வேலை செய்யாது. பெயருக்குப் பக்கத்தில் ‘ஆப்’ முத்திரை விழுவதையும் தவிர்க்க முடியாது. சர்வரில் செய்திகளையும் வெப்ஹூக்குகளையும் நிர்வகிக்கும் அனுமதி பாட்டுக்கு இருக்க வேண்டும். செய்தி மாறாமல் அப்படியே நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கட்டளைகள் ஆங்கில எழுத்தில், ‘பிகே’யும் அரைப்புள்ளியுமாகத் தொடங்கும். உங்கள் எல்லோரையும் சேர்த்த ‘சிஸ்டம்’ என்ற தொகுப்பை உருவாக்க ‘சிஸ்டம் நியூ’, பிறகு ஒவ்வொருவருக்கும் ‘மெம்பர் நியூ’. பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். ஆனால் கட்டளை அடிக்கும்போதெல்லாம் விசைப்பலகை மாற்றுவது தொல்லை. பெயரைச் சின்னதாக ஆங்கிலத்தில் வைத்து, வெளியே தெரியும் பெயரை ‘டிஸ்ப்ளேநேம்’ மூலம் தமிழில் கொடுப்பது நல்லது.

அடுத்து அடையாளக் குறி. ‘க:’ என்று தொடங்கினால் கயல் பேசுகிறாள் என்று வைக்க, ‘ப்ராக்ஸி’ கட்டளையில் ‘க:’வை அடுத்து ‘டெக்ஸ்ட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் அப்படியே எழுத வேண்டும். அங்கே வேறு சொல் போட்டால் குறி ஏறாது. பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

குறி போட்டுப் போட்டு அலுத்தால், குறி இல்லாமலே பெயர் மாற்றும் ‘ஆட்டோப்ராக்ஸி’ இருக்கிறது. அதன் ‘லாட்ச்’ முறை கடைசியாகக் குறியோடு பேசியவரையே தொடரும், 6 மணி நேரம் பேச்சில்லாவிட்டால் தானே விலகிவிடும். ‘ஃபிரண்ட்’ முறை, இப்போது முன்னால் இருப்பவர் யார் என்று நீங்கள் குறிக்கும் ‘ஸ்விட்ச்’ பதிவில் முதலில் இருப்பவரை எடுக்கும். அடிக்கடி ஆள் மாறுகிறவர்களுக்கு லாட்ச்தான் சரி. ‘ஸ்விட்ச்’ பதிய மறந்தால் ஃபிரண்ட் முறையில் ஒருவர் சொன்னது இன்னொருவர் பெயரில் போய்விடும், உள்ளே இருப்பவர்களுக்கு அது சின்ன விஷயம் அல்ல. ஒரே ஒரு செய்தியை மட்டும் மாற்றாமல் விட, முன்னால் ஒரு பின்சாய்கோடு போதும்.

அனுப்பியதில் பிழை இருந்தால் ‘எடிட்’ கட்டளை. அழிக்க ❌ ரியாக்ஷன். வெப்ஹூக் செய்திக்குப் பதில் எழுதினால் உரியவருக்கு அறிவிப்புப் போகாது, கூப்பிட 🔔 போட வேண்டும்.

குறை என்றால் அந்தரங்க அமைப்பு. புதிய உறுப்பினர்களின் விவரம் இயல்பாகவே எல்லோருக்கும் திறந்திருக்கும். உள்ளே இருக்கும் குழந்தைகளைப் பற்றியோ பழைய காயங்களைப் பற்றியோ விவரக் குறிப்பில் எழுதும் முன்பே, ‘சிஸ்டம்’, ‘மெம்பர்’ இரண்டிலும் ‘பிரைவசி ஆல் பிரைவேட்’ கொடுத்துவிடுங்கள். அப்போதும், செய்தியில் ❓ போட்டால் அனுப்பிய கணக்கு யாருடையது என்று தெரிந்துவிடும்.

மாதம் ஒருமுறை ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து, தனிச் செய்தியில் வரும் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். உறுப்பினர் விவரமும் ஸ்விட்ச் வரலாறும் அதில் இருக்கும்.