மீட்டரில் 12.7 காட்டினாலும் புது பேட்டரி ஆகிவிடாது: வள்ளக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

குமரிக் கடற்கரையில் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடைப்பட்ட ஒரு துறையில், ராத்தொழிலுக்குப் போகும் ஃபைபர் வள்ளத்துக்கு '100 ஏ.எச். புதுசு' என்று தலையில் கட்டப்பட்ட பேட்டரியைப் பற்றியது இந்தப் பதிவு. (ஏ.எச். என்பது ஆம்பியர்-மணி, பேட்டரி எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்ற அளவு.) பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு, கவுண்டரிலேயே மல்டிமீட்டர் வைத்து 12.7 வோல்ட் காட்டி அனுப்பியிருக்கிறார்கள். வலை விட்டுக் கிடந்தபோது நடுச்சாமத்துக்கு முன்பே விளக்கு மங்கியது, ஜி.பி.எஸ். அணைந்தது. ஒயர்லெஸ்ஸில் பேச பட்டனை அழுத்தினால் செட்டே ஆஃப். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் எஞ்சின் என்பதால் கரை வந்து சேர்ந்தார்கள். கடையில் சொன்ன பதில்: "உப்புத்தண்ணி உள்ள கேறியிருக்கு அண்ணே, வாரண்டி கெடைக்காது."

அந்த பேட்டரியைத் தராசில் வைத்தால் 18 கிலோ. 100 ஏ.எச். ஈய பேட்டரி அமிலத்தோடு பெரும்பாலும் 24, 25 கிலோவுக்குக் குறையாது. ட்யூபுலர் (குழாய் வடிவ பிளேட் வைத்தது) என்றால் 30 தாண்டும். ஈயம் இல்லாமல் ஏ.எச். வராது. ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கரின் பசை. டெர்மினல் புதுசாக மின்னியது, ஆனால் அரம் போட்ட மினுக்கம் அது. நம் ஊரில் வரும் தடித்த வகை டெர்மினலில் பாசிட்டிவின் தலை 17.5 மி.மீ., நெகட்டிவ் 15.9 மி.மீ. இருக்க வேண்டும். அங்கே இரண்டும் அதைவிட மெலிந்திருந்தன. (ஜப்பான் அளவில் மெல்லிய டெர்மினலும் உண்டு. அதனால் இதை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.) அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சினால் அமிலம் கறுப்பாக வந்தது. பிளேட்டிலிருந்து உதிர்ந்த பொடி அது. புது பேட்டரியில் அமிலம் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும்.

அப்படியானால் 12.7 எப்படிக் காட்டியது? இங்கேதான் விஷயம். லோடு இல்லாதபோது, அதாவது விளக்கு, செட் எதுவும் மின்சாரம் இழுக்காதபோது, பேட்டரி காட்டும் வோல்ட், உள்ளிருக்கும் அமிலத்தின் அடர்த்தியைப் பொறுத்தது. ஒரு செல்லின் வோல்ட் ஏறக்குறைய அடர்த்தியோடு 0.84 கூட்டிய கணக்கு. 1.250 அடர்த்தி இருந்தால் 2.09, ஆறு செல்லுக்கு 12.5 சொச்சம். பழைய பேட்டரியைக் கவிழ்த்து, கொஞ்சம் கூடுதல் வீரியமுள்ள அமிலம் ஊற்றி சார்ஜ் போட்டால் 12.7, 12.8 தாராளமாகக் காட்டும். ஹைட்ரோமீட்டரும் பச்சை வட்டத்தில் நிற்கும். பிளேட்டில் சரக்கு எவ்வளவு மிச்சம் என்பதை இரண்டுமே சொல்லாது. சில பேட்டரியில் சார்ஜைக் காட்ட மேலே இருக்கும் பச்சைக்கண் இன்னும் மோசம். ஆறில் ஒரு செல்லை மட்டும்தான் அது பார்க்கிறது.

உண்மையைச் சொல்வது லோடு மட்டும். இதைக் கரையிலேயே, கடலுக்குக் கொண்டுபோகும் முன் செய்துவிடலாம். முழு சார்ஜ் போட்டு, சார்ஜரைக் கழற்றி நாலு மணி நேரமாவது சும்மா வையுங்கள். பிறகு 55 வாட் வண்டி ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டுங்கள். சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும். ஈய பேட்டரியின் ஏ.எச். பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கில் எழுதப்படுவது. 100 என்றால் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம். ஆகவே பல்பு எரிந்து 10.5 வோல்ட்டுக்கு இறங்க 20 மணி நேரத்தையொட்டி ஆக வேண்டும். புது பேட்டரி முதல் சில தடவை கொஞ்சம் குறைவாகத் தரும், 18 வந்தாலும் குறை சொல்ல மாட்டோம். இந்த பேட்டரி 5 மணி நேரத்தில் 10.5-ஐத் தொட்டது. 23 ஏ.எச். கூட இல்லை! 10.5-க்குக் கீழே இறக்காமல் உடனே சார்ஜ் போட வேண்டும். அடிக்கடி இந்தச் சோதனை வைத்தால் நல்ல பேட்டரியும் கெடும். மீட்டரில் மணிக்கு மணி ரீடிங்கைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

சரி, எவ்வளவு ஏ.எச். தேவை? 10 மணி நேர ராவுக்கு 10 வாட் எல்.இ.டி. இரண்டு சுமார் 17 ஏ.எச்., ஜி.பி.எஸ்.சும் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரும் சேர்ந்து 10, ஒயர்லெஸ் கேட்டுக்கொண்டிருக்க 4. பேசும்போது மட்டும் 5, 6 ஆம்பியர் இழுக்கும், ஆனால் சில நிமிடம்தான். மொத்தம் 32 போலப் போகும். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வற்ற விடக்கூடாது என்பதால் 70, 80 ஏ.எச். போதும். கார், லாரி பேட்டரி வேண்டாம். ஸ்டார்ட்டருக்கு ஒரு நொடி வேகம் கொடுக்கச் செய்த மெல்லிய பிளேட் அது. ராவெல்லாம் வற்றி வற்றி ஏறினால் சீக்கிரம் உதிர்ந்துவிடும். இன்வெர்ட்டர் அல்லது சோலாருக்கான ட்யூபுலர் வாங்குங்கள், ஆட்டத்தில் சாயாதபடி வாரால் இறுக்கிக் கட்டுங்கள். 'லித்தியம்' என்று சொல்லி, கம்பெனிப் பெயர் இல்லாத பெட்டியில் அடைத்து விற்பவர்களிடம் எட்டியே இருங்கள். பழைய வண்டி செல்லைக் கோத்ததா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

கடைக்காரர்மேல் பாயும் முன் வயரையும் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நம் பக்கம் தோற்கும். விளக்கும் செட்டும் எரியும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைச் செட்டின் பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரோ கிளாம்போ உப்பு அரித்திருக்கிறது. நெகட்டிவ் பக்கமும் அப்படியே. எஞ்சினில் மின்சாரம் தரும் லைட்டிங் காயிலிலிருந்து, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இல்லாமல் சார்ஜ் ஏற்றினால் 15 வோல்ட் தாண்டி அமிலம் கொதிக்கும்; அது கடையின் குற்றமல்ல. ஆனி, ஆடியில் வள்ளம் கரையேறிக் கிடக்கும் நாட்களில் மாதம் ஒருமுறை சார்ஜ் போடாமல் விட்டாலும் பிளேட்டில் சல்பேட் கட்டி பேட்டரி செத்துவிடும்.

உப்புத்தண்ணி கேறியது என்ற பேச்சுக்கு வருவோம். மூடி திறந்து கடல்தண்ணி உள்ளே போயிருந்தால் சார்ஜ் ஏறும்போது குளோரின் வாயு வரும். தொண்டை எரியும், மூக்கில் பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும். அது ஆபத்து, பக்கத்தில் நிற்காதீர்கள். அப்படி எதுவும் இல்லாமல், மூடிகள் இறுக்கமாக இருக்க, வாய்வார்த்தையில் 'உப்பு' என்றால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரமாட்டார்கள்.

பில்லில் பேட்டரியின் சீரியல் நம்பர், தயாரிப்பு மாதம், ஜி.எஸ்.டி. எண் மூன்றும் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் பாருங்கள். பெட்டியில் குத்திய நம்பரும் வாரண்டி கார்டில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த வள்ளக்காரரிடம் இருந்தது வெறும் எஸ்டிமேட் துண்டு. ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம், நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் வழக்கும் போடலாம்; பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. "வள்ளம் வியாபாரத்துக்கு, நுகர்வோர் சட்டம் செல்லாது" என்று கடையில் மிரட்டினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவைக் காட்டுங்கள். சொந்தமாகத் தொழில் செய்து பிழைப்பதற்கு மட்டுமே வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அதிலேயே இருக்கிறது. அதுவரை அந்த பேட்டரியை 'செக் பண்ணித் தாரோம்' என்று கேட்டாலும் ரசீது இல்லாமல் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். முக்கிய ஆதாரம் அதுதான்.